அறுபத்து மூன்று விழுக்காடு

எட்வின் சொன்னது ஒரே வாக்கியம்:
மேல்மாடிக்காரர்கள் நெட்டைக் குடித்துத் தீர்க்கிறார்கள்.
மூன்று அறை, நாள் வாடகை, சமைக்க அடுப்பு உண்டு,
வைஃபை இலவசம் என்று போர்டில்
வங்காள எழுத்தில் எழுதி மாட்டியதும் அவர்தான்.

யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று
கேட்டால் சொல்லத் தெரியாத பெட்டி அது.
வாங்கி ஆறு வருடம்.
செய்த கம்பெனி அதை மறந்து நாலு வருடம்.
பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
சிக்னல் நாலு கோடும் நிற்கும், ஒரு பக்கம் திறக்காது.
ஆறு உண்டு, தண்ணீர் இல்லை என்பதை
வேலூர்க்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மே மாதம். தோட்டப்பாளையம்.
நள்ளிரவு தாண்டியும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.
எல்லோரும் தூங்கிய பிறகு,
மருந்துக்கடை ஷிப்ட் முடித்த கையோடு,
மஞ்சள் கேபிளால் லேப்டாப்பை அதோடு கட்டினேன்.
யார் யாரோ, எங்கெங்கோ, சம்பளமில்லாமல் எழுதிய
ஐந்து எம்பி ஃபர்ம்வேர்.
பெட்டியைக் கவிழ்த்து மாடல் எண்ணை மூன்று முறை படித்தேன்,
சீட்டில் மில்லிகிராம் பார்ப்பதுபோல.
வெர்ஷன் இரண்டா, மூன்றா.
இரண்டுதான்.

அழிக்கிறது.
எழுதுகிறது.
மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்கிறது
என்னிடம்,
மின்வாரியத்திடம் அல்ல.

அறுபத்து மூன்றில் தெருவே அணைந்தது.

பதினோரு நிமிடத்தில் கரண்ட் வந்தது.
பெட்டி வரவில்லை.
ஆரஞ்சு விளக்கு ஒன்று மட்டும், சிமிட்டாமல்.
இப்படிப் போன ரவுட்டருக்குச் செங்கல் என்று பெயர்.
சூளையில் வெந்த செங்கல்லாவது சுவருக்கு ஆகும்.

அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
ஒரு ஜோடி அல்ல.
தூங்கியதாக நான் கணக்குப் போட்ட மூன்று அறையும்
படியில் நின்றன.
முன்னால் நிமாய் மண்டல், இரண்டாம் அறை, கையில் போன்.
திதி, நெட்?
தையல் பிரிக்கும்வரை மனைவி இங்கே,
ஒன்பது வயது மகள் முர்ஷிதாபாத்தில்.
இரண்டு தலையணைக்கும் பக்கத்தில் இரண்டு போனைச் சாய்த்துவைத்து
ஒருவர் தூங்குவதை இன்னொருவர் பார்த்தபடி
தூங்குவார்களாம், பேச்சில்லாமல், விடியும்வரை.

ஏக்டு தாடான் என்றேன்.
கொஞ்சம் பொறுங்கள்: இந்தத் தெருக் கடைகளில்
எல்லோரும் அறிந்த வங்காளம்.

ரீசெட் துளைக்குள் என் ஊக்கு.
அழுத்திப் பிடித்தபடியே பிளக்கைப் போட வேண்டும்,
லேப்டாப்பையும் பார்க்க வேண்டும்.
பிளக்கை அவர் போட்டார்.
எண்ணினோம், நான் என் மொழியில், அவர் அவர் மொழியில்.
நான் ஏழு என்றபோது அவர் ஷாத் என்றார்,
விளக்கு படபடவென்று துடித்தது.

எழுந்ததும் பெட்டி சொன்னது:
கடவுச்சொல் இல்லை, ஒன்று வையுங்கள்.
பிறகு: வைஃபை அணைந்திருக்கிறது,
வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
இவ்வளவு மரியாதையாக எந்தச் சாமானும்
இந்த வீட்டில் என்னிடம் பேசியதில்லை.
போன்கள் தடுமாறாதிருக்க
வைஃபைக்குப் பழைய பெயரையே அடித்தேன், பழைய சொல்லையே.
படியில் ஒவ்வொன்றாகச் சிணுங்கின.

கடைசியில் பட்டியல். யார், எவ்வளவு.
இரண்டாம் அறையில்
போவது கொஞ்சம், வருவதும் அதே கொஞ்சம்,
மூச்சு மாதிரி.
முதலிடத்தில்
மூன்று அறையையும் கூட்டினால்கூட எட்டாத உயரத்தில்
எங்கள் கூடத்து டிவி.
ரிமோட்டில் அணைத்துவிட்டுத்தான் எட்வின் படுத்தார்.
அது இருட்டில் தன் பாட்டுக்கு எதையோ இறக்கிக்கொண்டிருந்தது.

வேகத்தைக் கட்டும் இடம் எது என்று தேடினேன்.
டிவிக்கு நேரே ஓர் எண், சின்னதாக.

காலையில் கேட்டார்: கட்டிவிட்டாயா?
கட்டிவிட்டேன் என்றேன்.

பழைய ஃபர்ம்வேர் பென்டிரைவில் இருக்கிறது,
ரேஷன் கார்டு கவரில்.
ஊக்கைத்தான் காணவில்லை.