கடற்காற்றுக்குக் கழித்தது

விளம்பரத்தில் இருந்தது:
இரண்டு அறை, தண்ணீர் மீற்றர் தனி,
கடற்காற்று வரும்.
வெள்ளவத்தையில் காற்றுக்கும் கணக்கிருக்கு என்று
அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூன்று லட்சம் அட்வான்ஸ்.
ஐந்து பவுணில் ஒரு சோடிக் காப்பைச்
செட்டியார் தெருவில் கழற்றி வைத்துவிட்டு
வெறுங்கையால் எண்ணிக் கொடுத்தேன்.
மிஸிஸ் யேசுரத்தினம்
ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

ஐந்து வருஷம்.
பெற்றோலுக்கு இரவிரவாய் வரிசையில் நின்றதும்
அதற்குள்தான்.

விட்டுப் போகும் நாளில்
ரோர்ச் அடித்துச் சுவரைப் படித்தா.
ஆறு ஆணி ஓட்டை.
குசினிச் சீமெந்தில் காஸ் சிலிண்டரின் வட்டம்,
அதை விரல் நனைத்துத் தேய்த்தும் பார்த்தா.
பிறகு ஜன்னல் கம்பியைச் சுரண்டினா.
சிவப்பாய் உதிர்ந்தது.
"இதுக்குப் பதினெட்டாயிரம், பிள்ளை."

கடல் தின்றதுக்கு
நான் கை கழுவ வேணும்.

மிச்சம்?
"வாற கிழமை."
போனேன்.
மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்ப வேணுமாம்.
அடுத்த கிழமை அங்கே பனியாம்,
வங்கி பூட்டாம்.
அதற்கடுத்த கிழமை
என் பழைய கதவைப் புது ஆட்கள் திறந்து
"அன்ரி மேல" என்றார்கள்.
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
ஆறு ஓட்டையும் அப்படியே இருந்தன.
ஏழாவதுக்கு அந்த மனிதர்
சுத்தியலோடு நின்றார்.
இவருடைய அட்வான்ஸ்தான் எனக்கு வரப்போகிறது
என்று படி ஏறும்போது தெரிந்தது.
வாழ்த்தவா, எச்சரிக்கவா?
பேசாமல் ஏறினேன்.

பதினொராவது கிழமை காசு வந்தது,
மருந்துக்கடை உறையில்.
பிறஷர் குளிசையின் பெயருக்கு மேலே
பென்சிலில் கழித்தல் கணக்கு.
"எண்ணிப் பாரும்."
அவவின் கை நடுங்கியது.
நான் எண்ணவில்லை.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
தெஹிவளைப் பாலம் தாண்டுகையில் எண்ணினேன்.
இந்தக் காசுக்கு இப்போது
ஒரு பவுணும் வராது.
ஆனால் உப்பு ஈரத்தில் ஒட்டிப்போய்
இரண்டு ஐயாயிரம் ஒன்றாய்க் கிடந்தன.
ஒரு தாள் அதிகம்.

இரவு போன் அடித்தது.
"பிள்ளை, ஒருக்கா எண்ணிப் பார்த்தனீரே?"

இந்த வீட்டிலும் காற்று.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"ஓம் அன்ரி.
வாற கிழமை கொண்டு வாறன்."