தூக்கிப் பார்த்தல்

சமையலறை மேசையில் பரப்பிக் கிடக்கிறது:
ஒரு பித்தளை மூக்கு,
ஆறடி ரப்பர் குழாய்,
கட்டைவிரல் பருமனில் மின்வால்வு,
திருகிக்கொள்ள ஒரு ஊசிக் குழாய்,
சிவப்பாய் ஒரு ஸ்விட்ச்.
நூற்றெழுபது டாலர், தபால் செலவு சேர்த்து.
செய்முறைத் தாள் ஒரே பக்கம்.
அதிலும் பாதி படம்.

பிக்கப் இழுக்கும் மூச்சுக்காற்றில்
கொஞ்சம் புரொப்பேனைக் கலந்துவிட்டால்
டீசல் மிச்சமில்லாமல் எரியுமாம்.
கரும்புகை காணாமல் போகுமாம்.
வில்லோ ஏற்றத்தில் லாரிகளையே தாண்டலாமாம்.
இத்தனை 'ஆம்' விற்றவனுடையவை.
'உம்' கொட்டியது என் புருஷன் லொவெல்.

லொவெலுக்கு மலிவு என்றால் உயிர்.
முதல் பனியிலேயே அறுந்த டயர் சங்கிலி
அவன் வாங்கியதுதான்.

வண்டி தொண்ணூற்றாறாம் வருஷத்தது.
மூன்று லட்சம் மைல் ஓடி
மூன்று வங்கி மேனேஜர்களைப் பார்த்துவிட்டது.
பின்னால் டிரெய்லரில் ஒன்பது புல் உருளைகள்,
மலைக்கு அந்தப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு.
ஏற்றத்தில் மூன்றாம் கியர், இருபத்தேழு மைல்.
தேர் மாதிரித்தான் நகர்வேன்.
வடம் பிடிக்க ஆளில்லை,
ஹாரன் அடிக்க நிறையப் பேர்.
மொன்டானா முழுக்க அன்றைக்கென்று
என் பின்னால்தான் எங்கோ அவசரமாய்ப் போகும்.

ஆகவே ஆசை எனக்கும் இருந்தது.
இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆயிரத்து நூறு டாலருக்கும் ஒன்று உண்டு.
அது பாரத்தைப் பார்த்து கேஸை அளந்து விடும்,
இஞ்சின் நின்றால் தானும் நிற்கும்,
சூடு ஏறினால் வாயை மூடிக்கொள்ளும்.
மலிவானதற்கு இரண்டே வார்த்தை:
திற, மூடு.
வித்தியாசம் தொள்ளாயிரத்து முப்பது.
எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதற்கு
அவ்வளவு விலை.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால்?
இந்த வாயு காற்றைவிடக் கனம்.
மேலே போகாது.
ஷெட் தரையில் படுத்துக்கொண்டு
யாராவது சாவி திருப்பட்டும் என்று காத்திருக்கும்.
ஜனவரியிலோ சிலிண்டருக்கே விறைத்துப்போகும்,
கேட்ட நேரத்துக்கு வராது.
இதையெல்லாம் லொவெலிடம் சொன்னேன்.
"எல்லாரும் போட்டுக்கிறாங்க" என்றான்.

எல்லாரும் என்றால் ஆரின் ட்வைட்.
நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.
ஏழு வாரம் பறந்ததாம் அவன் வண்டி.
எட்டாவது வாரம் எடுத்த பிஸ்டனை
சாம்பல் கிண்ணமாக வைத்திருக்கிறான்.
நடுவில் உருகிய ஓட்டை.
தட்டுகிற சாம்பல் நேரே மேசைக்கு.
இரவல் கேட்டேன், கொடுத்தான்.

ஆட்டுக்குட்டி நிறுக்கும் தராசில்
முதலில் கிட்டை வைத்தேன்: மூன்றே முக்கால் பவுண்டு.
பிறகு பிஸ்டனை.
ஓட்டை போகவும் கொஞ்சம் கூடுதல்.
லொவெல் முள்ளைப் பார்த்துவிட்டு
காபி போடப் போனான்.

நான் வாங்கியது இரண்டும் இல்லை.
புகைபோக்கியின் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டர்,
நூற்று முப்பத்தைந்து டாலர்.
டிரில் முனையில் கிரீஸ் தடவி
இரும்புத்தூள் ஒன்றுகூட உள்ளே விழாமல்
ஆரின்தான் துளை போட்டான்.
கூலி, ஒரு உருளை புல்.

அடுத்த நடையில் லொவெலும் வந்தான்.
இரண்டாவது வளைவு வரவில்லை,
முள் ஆயிரத்து இருநூற்றைம்பதைத் தொட்டது.
"கேஸ் போடாமலேயா?"
போடாமலேதான்.
எத்தனை வருஷமாக இந்தச் சூட்டில்
ஏறிக்கொண்டிருந்தேனோ.
ஒரு கியர் இறக்கினேன். பத்தொன்பது மைல்.
முள் மெல்லக் கீழே வந்தது.
பின்னால் பதினோரு கார் என்று
லொவெல் கண்ணாடியில் எண்ணிச் சொன்னான்.
ஓரம் வந்ததும் ஒதுங்கி வழி விட்டேன்.
ஒருத்தி மட்டும் கையை ஆட்டிப் போனாள்,
மற்றவர்கள் விரலை.

கிட்டைத் திருப்பி அனுப்பத் தபால் செலவு நம்முடையதாம்.
ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.
சிவப்பு ஸ்விட்சை மட்டும் கழற்றி
கோழிக்கூண்டு விளக்குக்கு மாட்டிவிட்டேன்.
நன்றாகத்தான் எரிகிறது,
இதுவரை.