வெள்ளை மேசை

வாசிப்பு மாதத்துக்குச் சுற்றறிக்கை வந்தது.
கருப்பொருள்: கறுப்பும் வெள்ளையும்.
தலைப்பில் இவ்விரண்டில் ஒன்றாவது உள்ள நூல்களை
வெள்ளிக்கிழமைக்கு முன் காட்சிக்கு வைக்கவும்.
படம் எடுத்து அனுப்பவும்.

ஒட்டுசுட்டான் நூலகத்தில் இருப்பது இரண்டு மேசை.
கறுப்புக்கு ஒன்று.
கால் ஆடுகிற மற்றது வெள்ளைக்கு.

இடாப்பைத் திறந்து விரலால் தேடினேன்.
கறுப்பு பதினாறு.
அநேகமும் துப்பறியும் கதைகள்,
கறுப்புக் கார், கறுப்புக் கையுறை, கறுப்புக் குடை,
கொலைகாரன் எப்போதும் மைத்துனன்.
வெள்ளை ஒன்பதுதான்.
வெள்ளைக் குதிரையில் வரும் இளவரசனுக்கு
யாரோ பேனையால் மீசை வைத்திருக்கிறார்கள்.
சதுரங்கத்தில் வெள்ளையின் முதற் பத்து நகர்வுகள்,
பக்கம் பிரிக்காமலே இருக்கிறது.
பிறகு விவசாயத் திணைக்களத்தின்
'மிளகாயில் வெள்ளை ஈ', இருபத்தெட்டுப் பக்கம்.
அதிகம் இரவல் போனது அதுதான்.
காப்பியங்களுக்கு அந்த யோகம் இல்லை.

கறுப்பு மனம் என்றால் வெள்ளை மனம் என்று
எட்டாம் வகுப்பில் எதிர்ச்சொல் எழுதிப்
பத்துக்குப் பத்து வாங்கியவன் நான்.
சந்தேகமே இல்லாமல் அடுக்கினேன்.

வியாழன் கொறற்றி அக்கா வந்தார்.
மாதம் ஆறு நாவல் முடிக்கிறவர்.
வெள்ளை மேசையைக் கண்டதும்
கிணற்றுப் பள்ளத்தை விலத்துவதுபோல் விலத்தி
அந்தப் பக்கத்தால் போனார்.

ஏன் என்று கேட்டேன்.
கேட்டிருக்கத் தேவையில்லை.

"வெள்ளை எண்டு போட்டிருந்தா நான் தொடுறேல்லத் தம்பி.
இரவில பரா லைற் அடிப்பாங்கள்.
ஊசி விழுந்தாலும் எடுக்கலாம்.
பிள்ளையின்ர கால்விரலை எண்ணலாம்.
எண்ணினன்.
அது அணைஞ்சா கறுப்பு வரும்.
பங்கருக்குள்ள அந்தக் கறுப்புத்தான்
எங்களைப் பொத்தி வைச்சிருந்தது.

கொடிக்குக் கிழிச்சதும் என்ர உள்பாவாடை.
அதுவும் வெள்ளைதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நான் இடாப்பில் திகதி போட்டேன்,
பிழையான திகதி.

வெள்ளி காலை, அதிகாரிகள் வர அரைமணி இருக்க,
முத்தையன்கட்டிலிருந்து நாகேந்திரம் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
சட்டைப் பையிலிருந்து ஒரு மிளகாய் இலையை எடுத்து
அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.
"கண்காட்சி முடியட்டும் அண்ணை."
"அது மட்டும் ஈ பாத்துக்கொண்டு நிக்குமோ?"

கொடுத்துவிட்டேன்.
படத்தில் வெள்ளை மேசைக்கு ஒரு பல் இல்லை.
பணிப்பாளர் அதை மறைத்தபடி நிற்கிறார்.

பின்னேரம் மழை இருட்டு. கரண்ட் நின்றது.
உயர்தரப் பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வீதிக்கு ஓடினார்கள்.
ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

கொறற்றி அக்கா எழும்பவில்லை.
கறுப்பு மேசையில் எடுத்த கதை
மடியில் விரிந்து கிடந்தது.
எழுத்து எது தாள் எது என்று தெரியாத பக்கத்தில்
விட்ட வரியை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரோச் கொண்டுவரவா என்றேன்.

"வேண்டாம்.
மைத்துனன்தான் எண்டு எனக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் இப்பிடியே கிடக்கட்டும்."