புள்ளி

145 பஸ்ஸில் பலகைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான்
கொண்டக்டர்.
ஆள் உயரப் பலகை, நடுவில் நகரும் கட்டை.
"சவப்பெட்டி மூடியா மிஸ்?" என்று
பின்சீட்டில் யாரோ சிரித்தார்.
பிள்ளைகளின் உயரம் அளக்கிறது என்றேன்.
மட்டக்குளியில் இறங்கினேன்,
ஒன்பது வருடம் கழித்து.

அதே சந்து. கானுக்கு மேலே
இப்போது சிலாப் போட்டிருக்கிறார்கள்.
"அளக்கிற மிஸ்!" என்றாள் ஜெசிந்தா,
பிளாஸ்டிக் கதிரையை ஈரத்துணியால் துடைத்தபடி.

அன்றைக்கு அபிஷானுக்குப் பதினெட்டு மாதம்.
தலையை அவள் பிடிக்க, காலை நான் பிடிக்க,
சந்தே கேட்க அழுதான்.
எழுபத்தைந்து தசம் ஆறு.
அட்டையில் புள்ளி வைத்தேன்,
கோட்டுக்குக் கீழே, செம்மஞ்சளில்,
கடுகளவு நீல மை.
"முட்டை குடுங்க, பருப்பு குடுங்க,
கீரை கடைஞ்சு குடுங்க."
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது:
ஆலோசனை வழங்கப்பட்டது.
சரி போட்டேன்.
ரெமிஜியஸுக்குத் துறைமுகத்தில் வேலை நின்று
அது ஏழாவது கிழமை.
அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

இப்போது அவனுக்குப் பத்தரை.
புலமைப்பரிசில் வந்து போய்விட்டது.
வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று சொன்னாள்;
அவன் எடுத்தது எவ்வளவு என்று சொல்லவில்லை.
நான் அட்டையில் வைத்ததும் புள்ளி,
பரீட்சைத் தாளில் விழுந்ததும் புள்ளி.
நம்முடைய பாஷை இரண்டுக்கும்
ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

வாசிக்கக் கொடுத்தேன். ஒரு பந்தி, ஒரு நிமிடம்.
'ஆற்றுக்கு அக்கரையில்' என்று தொடங்கும்.
பின்சுவருக்கு அப்பால் களனி ஆறு
கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க,
"ஆ" என்றான், "ஆ... று..." என்றான்,
தலையில் புள்ளி வைத்த எழுத்தில்
நாக்கு முட்டி நின்றது.
கடிகாரம் நிற்கவில்லை.
பத்தொன்பது சொற்கள்.

அந்த முட்டையா, அந்தக் கிழமைகளா,
ஐம்பத்திரண்டு பேர் நெரிந்த வகுப்பா,
மழைக்கு ஆறு உள்ளே வந்த ராத்திரிகளா?
ஆயிரத்து நூறு பிள்ளைகளைக் கூட்டிப் பார்த்தால்
தெரியுமாம்.
ஒருவனைப் பார்த்தால் தெரியாது.
அவன் விரலை எடுக்காமல்
அதே எழுத்தில் இன்னும் வைத்திருந்தான்.

"மிஸ், அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

தேத்தண்ணியில் சீனி கூட.
"கொஞ்சம் தெரியும்" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பையின் அடி தெரியும்வரை குடித்தேன்.

பிறகு உயரம்.
முதுகை ஒட்டு, நேரே பார் என்றேன்.
கட்டையை இறக்கப்போகையில் பார்த்தேன்:
குதிகால் இரண்டும் மெதுவாய் எழும்பியிருந்தன.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தான்.
இதைக் கண்டுபிடிக்கத்தான்
எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்.
முழந்தாளிட்டுக் கணுக்காலை அமர்த்தினேன்.
ஒன்றரைச் சென்ரிமீற்றர்
சிமெந்துத் தரைக்குள் போனது.

"இவளையும் ஒருக்கா அளங்க."
இடுப்பில் ஒன்பது மாதம்,
என் அடையாள அட்டையின் நாடாவைச் சப்பிக்கொண்டு.
ஆய்வில் அவள் இல்லை. இலக்கம் இல்லை.
பலகையைப் படுக்க வைத்தேன்.
அழவில்லை இவள்; கட்டையைப் பிடித்து இழுத்தாள்.
அறுபத்தைந்து தசம் எட்டு.
கோட்டுக்கு மேலே, ஒரு மயிரிழை.
எழுத இடமில்லாமல் உள்ளங்கையில் எழுதினேன்.

சந்து முனைக் கடையில் முட்டை விலை கேட்டேன்.
ஆய்வுக்குள் இருக்கிற வீட்டுக்கு
எதையும் கொடுக்கக்கூடாது என்பது
கையெழுத்துப் போட்ட விதி.
பத்து வாங்கினேன்.

ஒரு கையில் பலகை, ஒரு கையில் பை.
வியர்வையில் ஐந்து அழியத் தொடங்கியது.
145 வந்தது, நின்றது,
"ஏறுங்க மிஸ்" என்றது, போனது.
அடுத்ததும்.