ஏனையவை

வந்தாறுமூலை, மண்டபம் இரண்டு,
மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு.
எனக்குப் பதினைந்து நிமிடம்.
பன்னிரண்டில் மஞ்சள் அட்டை காட்டுவார்கள், பதினைந்தில் சிவப்பு.
கணவாய்க் கறியும் தயிரும்
முன்வரிசைக் கண்ணிமைகளில் இறங்கிக்கொண்டிருந்தன.

என் ஆய்வு மௌனத்தைப் பற்றியது.
முதலாம் வருட வகுப்பில்
"விளங்குதா? கேள்வி இருக்கா?" என்று கேட்டபின்
விரிவுரையாளர் எத்தனை செக்கன் காத்திருக்கிறார்.
இருபத்திரண்டு வகுப்புகளை ஒலிப்பதிவு செய்தேன்.
பிள்ளைகள் உறங்கிய பிறகு குசினி மேசையில்
நிறுத்தற் கடிகாரத்தோடு இருந்து கேட்டேன்.
சராசரி ஒன்று தசம் நாலு.
ஒரு மூச்சை உள்ளே எடுக்கலாம்,
வெளியே விட நேரம் காணாது.

என் வகுப்பும் அதில் இருந்தது:
ஒன்று தசம் ஒன்று.
அட்டவணையில் 'விரிவுரையாளர் ஊ' என்று போட்டேன்.
பெயர் மறைப்பது ஆய்வு நெறி.
எனக்கு அது வேறொன்றுக்கும் உதவியது.

ஆறாவது ஸ்லைட்டில் மாணவர் பதினேழு:
"இங்கிலீசில பிழை விட்டிருவனோ எண்டு பயம் மிஸ்."
பெரிய எழுத்து, நீலப் பின்னணி.
தலைகள் ஆடின.
யாரோ ஒரு பேராசிரியர் குறிப்பெடுத்தார்,
அல்லது பேனா எழுதுகிறதா என்று பார்த்தார்.

சிவப்பு அட்டை.
தலைமை தாங்கிய கலாநிதி விமலேஸ்வரன்
மண்டபத்தைப் பார்த்து, "கேள்விகள்?"

பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று.
இரண்டாவது வரிசையில் மாநாட்டுப் பையின் ஸிப்.
மூன்று. பெரிய ரோட்டில் பஸ் ஹோர்ன்.
ஐந்து. என் தொண்டை எனக்கே கேட்டது.
ஏழாவது செக்கனில் அவர்
"நேரமும் போகுது, நன்றி" என்று என்னைக் காப்பாற்றினார்.
கைதட்டினார்கள்.
மைக்கோடு ஓடித்திரிய நிறுத்தியிருந்த பிள்ளை
ஒருவரிடமும் ஓடாமல் நின்றாள்.

தேநீர் வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவள் அவள்தான்.
லவகாந்தினி. கழுத்தில் தொண்டர் அட்டை.
"மிஸ், அந்தப் பதினேழு நான்தான்."
கோப்பையைத் தட்டில் வைத்தேன்.
"பயம் எண்டு சொன்னது மெய்தான்.
ஆனா அது மறுகாச் சொன்னது.
முதல் சொன்னத நீங்க போடல்ல."

என்ன சொன்னாய்?

"கரடியனாத்தில இருந்து வாறன், செங்கலடியில பஸ் மாறி.
வந்து சேர கடைசி வாங்குதான் கிடைக்கும்.
அதுக்கு மேல ஃபேன் ஒண்டு கடகட எண்டு.
நீங்க கேக்கிற கேள்வியே கேக்கிறல்ல மிஸ்."

நினைவு வந்தது.
பக்கம் நாற்பத்தொன்று.
எந்தக் கருப்பொருளிலும் அடங்காததால்
'ஏனையவை' என்ற பெட்டிக்குள் போட்டிருந்தேன்.

"மைக் உன்ர கையிலதானே இருந்தது,
அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"அது மத்தாக்களுக்குக் குடுக்கிறதுக்கு மிஸ்."
சொல்லிவிட்டுப் பற்றிஸ் தட்டைப் பார்த்தாள்.
ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை, எட்டு மணி.
கடைசி வாங்குக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்தினேன்.
சுவிட்ச் ஒன்றுதான், நாலும் சேர்ந்தே நின்றன.
மே மாதம்.
அறுபத்து மூன்று பேரும் நானும் வியர்த்தோம்.
நியமவிலகலை விளக்கினேன்,
"கேள்வி இருக்கா?" என்றேன்,
காத்திருந்தேன்.

நடுவரிசையில் ஒரு கை எழுந்தது.
இந்த வருடத்தின் முதற்கை.
"மிஸ், ஃபேனப் போடலாமா?"

குறித்துக்கொண்டேன்.
நாலு தசம் இரண்டு.