ஸ்டிக்கரின் முன்பக்கம்

வுப்பர்டாலில், பார்மென் பக்கம்,
தொங்கு ரயில் பாதைக்குக் கீழே எங்கள் பேக்கரி.
மூன்று வருஷமாய் அதன் கண்ணாடிக் கதவில்
ஒரு ஸ்டிக்கரின் முதுகைப் பார்த்து வருகிறேன்.
வெள்ளை முதுகு. ஓரம் ஒன்று சுருண்டிருக்கும்.
முன்பக்கம் என்ன சொல்கிறதென்று
நின்று வாசித்ததில்லை.
நான் வேலைக்கு வருவது பின்கதவால்.

நாயோடு யாரும் வந்தால்
"மன்னிக்க வேணும், வெளியே" என்பது
என் வேலைகளில் ஒன்று.
சொல்வதில் கொஞ்சம் ருசியும் உண்டு, மறைப்பானேன்.
வெளிநாட்டவர் அலுவலகத்து வரிசையில்
விடிய நாலு மணிக்குப் போய் நின்ற கால்கள் இவை.
ஒரு வாசலுக்குக் காவலாய் இருப்பது
இவ்வளவு சுகமென்று அப்போது தெரியாது.

நாய்க்குப் பயந்தவள் நான்.
நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள்.
இந்த ஊரில் இரண்டையும் காணலாம்;
நாய் கயிற்றில் இருக்கிறது,
கல்லைத் தெருவோடு சேர்த்துப் பதித்துவிட்டார்கள்.
பக்கத்து உணவகத்தில் அது மேசைக்கடியில் படுக்கலாம்,
நமக்கு மெனு வருமுன் அதற்குத் தண்ணீர் வரும்.
ரயிலில் ஏறலாம். வங்கிக்குப் போகலாம்.
பாணுக்கு மட்டும்தான் தீட்டு.

நேற்று, செவ்வாய். சாய்ந்த மழை.
லூடெக்கெ ஐயா வந்தார், ஒரு கையில் தடி,
மறு கையில் மொக்கா என்ற கிழட்டுச் சாம்பல் நாய்.
வழக்கமாகச் சுவர்க் கொக்கியில் கட்டுவார்.
கொக்கி கழன்று கிடந்தது.
"இந்த வரிசையில் பாதிப் பேரைவிட
இவள் சுத்தம்" என்றார்.
யார் அந்தப் பாதி என்று
வரிசை தன்னையே திரும்பிப் பார்த்தது.

தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றவள்
மயிர் என்றாள், மாவு என்றாள்,
என் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும் என்றாள்.
பெயின்ட் படிந்த காற்சட்டைக்காரன்
"உங்கள் பிள்ளை கண்ணாடியை நக்குகிறதே,
அதற்கென்ன சட்டம்?" என்றான்.
புதன்கிழமை வரும் பார்வையற்ற பெண்ணின் நாயை
உள்ளே விடுகிறீர்களே என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அது வேலைக்கு வருகிற நாய் என்றேன்.
சொன்ன பிறகு நாக்கு கொஞ்சம் தங்கியது.
வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கதவு திறப்பது
எனக்கு முன்பே பழக்கமான சட்டம்.

மொக்கா வாதாடவில்லை.
வாசற்படியைத் தாண்டி ஒரு நகம் வைக்கவில்லை.
மழை அதன் மூக்கு நுனியில்
சேர்ந்து சேர்ந்து விழுந்தது.

"இரண்டு நிமிஷம்" என்று
கயிற்றை என் கையில் வைத்துவிட்டு
ஐயா உள்ளே போய்விட்டார்.

அப்படியாக
விற்கிறவள் வெளியே, வாங்குகிறவர்கள் உள்ளே.
கல்லாவில் ஆளில்லை.
ஒன்பது பேர் கண்ணாடி வழியே என்னைப் பார்க்கிறார்கள்.
நான் அவர்களையும் தாண்டிப் பாண்களைப் பார்க்கிறேன்.
என்ன மஞ்சள் வெளிச்சம் அந்தக் கடைக்கு!
பசித்தது எனக்கு.

அப்போதுதான் முன்பக்கத்தை வாசித்தேன்.
ஒரு நாய்த் தலை, கீழே ஒரு ஜெர்மன் வரி:
வெளியே நிற்க வேண்டும்.
யார்?
அந்த மொழியில் அதற்கு ஒரே சொல்தான்,
கேட்கிறவரைச் சேர்த்தாலும் விட்டாலும்.
தமிழில் அப்படித் தப்ப முடியாது.
'நாங்கள்' என்றால் நாய்கள் மட்டும்,
உங்களுக்கு வழி விட்டு.
'நாம்' என்றால்
கயிற்றின் இந்த நுனியும் சேர்த்தி.

மொக்கா என் சப்பாத்தின் மேல் உட்கார்ந்தது.
நல்ல கனம். சூடு.
நடுங்கியது அதுவா நானா
பிரித்துச் சொல்ல வரவில்லை.

இதற்காக நாளைக்கு
உள்ளே விடுவேன் என்று நினைக்காதீர்கள்.
மாவு மாவுதான். அந்தப் பிள்ளையின் மூச்சு மூச்சுதான்.
"வெளியே" என்றே சொல்வேன்.
கொக்கியைத் திருப்பிப் பூட்டச் சொல்லி
முதலாளியம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

கை இரண்டு தரம் கழுவினேன். ஏப்ரன் மாற்றினேன்.
மூடும்வரை எழுபது பேருக்காவது பாண் கொடுத்திருப்பேன்.
இரவு தொங்கு ரயிலில்
சட்டைக் கையை மடிக்கும்போது கண்டேன்:
முழங்கைக்குக் கிட்ட
சாம்பல் நிறத்தில் ஒரு மயிர்,
காலையிலிருந்து கடைக்குள்தான் இருந்திருக்கிறது.