ஐந்து கூப்

கன்னாபின்னாவென்று கொட்டிவிட்டுப் போனான் கர்லாம்பி.
ஐந்து கூப் பிர்ச் விறகு.
பினேகா ஆற்றங்கரையில் செப்டம்பர்.
அடுப்புக்கு இனி மே மாதம்வரை பசி.

உஸ்தீனியா ரசீதைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள்.
குவியல் ஒன்றும் சொல்லவில்லை.
குவியல்களின் வழக்கம் அது.

கையுறை மாட்டிக்கொண்டு
வேலியோரமாக அடுக்கத் தொடங்கினாள்.
இரண்டு நாள்.
உயரம் ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர்,
நீளம் மட்டும் ஓடி ஓடி
மூன்றரையில் மூச்சுவாங்கி நின்றது.

போன் செய்தாள்.
"ஒன்றரை கூப் எங்கே?"
"எங்கே போகும்? லாரித் தொட்டியை அளந்து பார்.
நீளம் அகலம் உயரம் பெருக்கினால் ஐந்து.
அது கொட்டிய கூப்.
நீ அளந்தது அடுக்கிய கூப்.
காட்டிலாகாக்காரனைக் கேட்டால்
காற்றே இல்லாத கட்டை கூப் என்பான்,
அவன் கணக்கில் இது இரண்டரைகூடத் தேறாது.
மூன்றும் கூப்தான்.
நான் எங்கே பொய் சொன்னேன்?"

அந்த ஊரில் அந்தச் சொல் அப்படி.
ஓர் எண் தன்னைத் தன்னால் பெருக்கி
போதாதென்று இன்னொரு முறையும் பெருக்கினால்
பள்ளிக்கூடத்தில் அது கூப்.
பிள்ளைகள் அடுக்கித் தள்ளும் மரக்கட்டை, கூபிக்.
கர்லாம்பியின் கொட்டகையில்
கதவைச் சாத்திக்கொண்டு கொதிக்கிறதே
வயிறு பெருத்த சாராயச் செம்பு, அதுவும் கூப்;
அதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

நாம் கனம் என்கிறோம்.
அணை நிரம்பினால் விநாடிக்கு இத்தனை கன அடி
என்று திறந்துவிடுகிறோம்.
தலையில் ஏற்றினால் அதே சொல் பாரம்.
கோர்ட்டில் கைகட்டிச் சொன்னால் மரியாதை.
கர்லாம்பியைப் பார்த்துச் சிரிக்க
நமக்கும் யோக்கியதை இல்லை.

உஸ்தீனியாவும் சிரிக்கவில்லை.
முப்பத்தொரு வருஷம் நர்ஸ்.
அவளுடைய கூப் சின்னது.
இரண்டு கூபிக், ஐந்து கூபிக்,
நீளம் அகலம் உயரம் மூன்றும்
சுண்டுவிரல் நகத்தளவு.
கர்லாம்பியின் கூப் ஒன்றில்
அவளுடையது எத்தனை கொள்ளும்?
தூக்கம் வராத ராத்திரியில் பெருக்கினாள்.
நூறு. நூறு தடவை நூறு. அதையும் நூறு தடவை.
பத்து லட்சம்.
அப்படியானால்
பதினைந்து லட்சம் கூபிக் காற்றுக்குப்
பணம் கொடுத்திருக்கிறாள்.
பென்ஷன் பணம்.

திங்கட்கிழமை அவனே வந்தான்,
இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
வாசலில் பாதி ஆளாக மடிந்து.
டாக்டர் எழுதிய சீட்டு:
தினம் மூன்று கூபிக், ஐந்து நாள்.
சுகாதார நிலையம் பூட்டி இரண்டு வருஷமாகிறது.
ஊசி போடத் தெரிந்த கை
ஊரில் அவளுடையது ஒன்றுதான்.

"படு."
குப்புறப் படுத்தான்.
"மூன்று கூபிக். சரி.
கொட்டியதா, அடுக்கியதா?"

தலையணைக்குள் என்னவோ சொன்னான்.

மருந்தை உறிஞ்சினாள்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி
நகத்தால் இரண்டு சுண்டு.
ஒட்டிக்கிடந்த குமிழிகள் மேலே போய்க் கூடின.
ஊசிமுனையில் ஒரு துளி அரும்பும்வரை
தள்ளினாள்.
முப்பத்தொரு வருஷமும்
யாருடைய உடம்புக்குள்ளும் போகவிடாமல்
தள்ளிய அதே காற்று.
"பார்" என்றாள்.
அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

புதன்கிழமை அவன் மைத்துனன்
டிராக்டரில் கொஞ்சம் கொண்டுவந்து இறக்கினான்.
பிர்ச்சோடு ஆஸ்பென் கலந்திருந்தது.
பார்த்தும் பேசாமல் அடுக்கினாள்.
நெருக்கி அடுக்கவில்லை.
நடுவில் காற்று ஓடாத விறகு
ஈரத்தில் பூத்துப்போகும், எரியாது,
புகைந்து கண்ணைக் கெடுக்கும்.
அது அவளுக்குத் தெரியும்.
எவ்வளவு இடைவெளி என்பதும் தெரியும்.

டேப்பை இழுத்தாள்.
நான்கு மீட்டர் நாற்பது.

ரசீதின் பின்பக்கம் பென்சிலால் குறித்தாள்:
நான்கே முக்காலே என்று முதலில் எழுதத் தோன்றியது,
எழுதவில்லை.
4.4 கூப்.
அதன் கீழே சின்னதாக,
காற்று உட்பட.

இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருந்தது.